உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை: வகுப்புத் தோழர் ஒருவரை 20 மாதம் தொலைத்த நிகழ்வு

மலேசியாவின் பினாங்குத் தீவில் ஆசிரியர் பயிற்சி பெற்ற எங்கள் வகுப்பில் நடந்தது இது. சம்பந்தப்பட்ட நண்பர் முழுவதையும் படித்து, இரண்டு இடங்களில் திருத்தி, "போடு" என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் வெளியிடுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார், அப்படியே விட்டிருக்கிறேன். என் பங்குத் தவறுகளை மறைக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டியவர்களின் வகுப்புக் கூட்டங்கள் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் கிள்ளானிலும் நிறைய உண்டு. அங்கேயும் யாராவது ஒருவர் சத்தமில்லாமல் விலகிக்கொண்டிருக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

பின்னணி

1971-இல் சேர்ந்து 1972 கடைசியில் முடித்தோம். மொத்தம் 26 பேர், அதில் பெண்கள் 7. பெரும்பாலோர் கெடா, பேராக் தோட்டத்துப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெர்ரியில் ஏறி எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பஸ் பிடித்து ஊருக்குப் போவோம். பாலம் 1985-இல்தான் வந்தது. எங்கள் காலத்தில் தீவை விட்டு வெளியே கால் வைக்க எங்களுக்குப் பெர்ரி ஒன்றே வழி.

படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு தமிழ்ப்பள்ளி. கொஞ்ச நாள் கடிதம் போனது, வந்தது. கல்யாணம், பிள்ளைகள், மாற்றல் என்று ஆனபின் அதுவும் நின்றுபோனது. 1997-இல், 25 ஆண்டு ஆகிறதே என்று ஒருவர் அலைந்து திரிந்து எல்லோரையும் கூட்டினார். அன்றைக்கு நான் ஒரு நீல அட்டை நோட்டில் எல்லோருடைய முகவரியையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொண்டேன். அதிலிருந்து நோட்டு என் பொறுப்பு.

நோட்டைத் திருத்த எனக்கு இன்னொரு வழியும் இருந்தது. தமிழ் நேசனில் வரும் மரண அறிவித்தல்கள். காலைக் கோப்பியோடு அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பேன். மூன்று தோழர்கள் போன செய்தி எனக்கு அப்படித்தான் தெரிந்தது. 1924-இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019-இல் நின்றுவிட்டது. வேறு நாளிதழ்கள் இருக்கின்றன. ஆனால் எங்களில் பலர் அத்தோடு பத்திரிகை வாங்கும் பழக்கத்தையே விட்டுவிட்டார்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு தீவிலும் எதிர்க்கரையில் பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கமும் இருந்த 9 பேர் மாதம் ஒரு சனிக்கிழமை லெபோ பாசார் பக்கத்தில் ஒரு கடையில் உட்காருவோம். தோசை, தே தாரிக், பழைய கதை. 2015-இல் ஒரு தோழரின் மகள் எங்களுக்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழு ஒன்றை அமைத்துக் கொடுத்தாள்.

அந்த நண்பர்

விடுதியில் எனக்கு அடுத்த கட்டில் அவருடையது. எங்கள் வகுப்பில் தேவாரம் பாடக்கூடிய ஒரே ஆள். தமிழ் இலக்கணத்தில் சந்தேகம் என்றால் விரிவுரையாளரிடம் போவதற்கு முன் அவரிடம்தான் போவோம். தலைமையாசிரியராக ஓய்வு பெற்று, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றில் மனைவியோடு இருந்தார். மகன் புக்கிட் மெர்தாஜாமில்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவர் மனைவியும் கூடவே வருவார். எப்போதும் அவருக்கு வலப்பக்கம் உட்காருவார். யாராவது ஏதாவது கேட்டால் அவர் முதலில் மனைவியைப் பார்ப்பார். அந்த அம்மா அதே கேள்வியை அவர் பக்கம் திரும்பி மறுபடி சொல்வார். பிறகு அவர் பதில் சொல்வார். பல ஆண்டு இதைப் பார்த்திருக்கிறோம். அன்னியோன்னியமான தம்பதி என்று பேசிக்கொள்வோமே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை.

2019 செப்டம்பரில் அந்த அம்மா காலமானார்.

என்ன கண்டோம்

2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சனிக்கிழமைக் கூட்டம் நின்றது. அதன் பிறகு எல்லாம் கைப்பேசியில்தான்.

அந்த ஆண்டு முழுவதும் அவர் அழைப்பை எடுப்பது குறைந்துகொண்டே வந்தது. எடுத்தாலும் "சரி, சரி, அப்புறம் பேசலாம்" என்று அரை நிமிடத்தில் வைத்துவிடுவார். குழுவில் யார் என்ன அனுப்பினாலும் ஒரு கும்பிடு போடுவார், அவ்வளவுதான். மனைவி போன துக்கம், தனியாக இருக்க வேண்டும்போல் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

நவம்பர் 14, தீபாவளி. புலனத்தில் முகம் பார்த்துப் பேசலாம் என்று சிலர் சேர்ந்தோம். அவர் மகன் வீட்டிலிருந்து பேசினார். மனைவிக்கு முதலாண்டுத் திதி முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒருவர் அக்கறையாகத்தான் கேட்டார்: "திதியெல்லாம் எப்படிடா செஞ்ச?" அவர் சிரித்த முகத்தோடு பதில் சொன்னார்: "மருமகதான் மாவு அரைச்சா. பஞ்சு மாதிரி வந்துச்சு."

ஒரு நொடி யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் சிரித்தார், தொடர்ந்து மற்றவர்களும். நானும் சிரித்தேன். அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரத்தில் திரையில் அவர் இருந்த கட்டம் காணாமல் போனது.

2021 ஜனவரியில், ஒரு தோழரின் இருதய அறுவைச் சிகிச்சைக்குப் பணம் திரட்டும் பேச்சு குழுவில் வந்தது. "வரவு செலவை எழுதி வைப்போமா?" என்று அவர் தட்டெழுதிக் கேட்டார். "யார் மேலயும் நம்பிக்கை இல்லையா?" என்று ஒருவர் சுடச்சுட எழுதிவிட்டார். இரண்டு நாள் கழித்துக் குழுவில் அவர் பெயரோடு "வெளியேறினார்" என்று ஒரே ஒரு வரி.

முதல் முடிவும் அதன் காரணமும்

அவரைத் தேடிப் போக வேண்டாம் என்று முடிவெடுத்தோம். எடுத்தது பெரும்பாலும் நான்தான்.

காரணங்கள் அன்றைக்குச் சரியாகவே தோன்றின. பணப் பேச்சில் மனம் நொந்து போயிருக்கிறான், வற்புறுத்தினால் இன்னும் விலகுவான். ஐம்பது வருஷ சிநேகம், கோபம் ஆறினால் தானே வருவான். ஊரடங்கு வேறு. இரண்டு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. அதையும் கோபத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

2022 நடுவில் மறுபடி அழைத்தபோது ஒரு மலாய்ப் பெண் எடுத்து "சாலா நோம்போர்" என்றாள். தவறான எண். என்ன நடந்திருந்தது என்பது பிறகு தெரிந்தது: அது முன்பணம் போட்டுப் பேசும் எண். குறிப்பிட்ட காலத்துக்குள் பணம் நிரப்பாவிட்டால் இணைப்பு போய்விடும். கொஞ்ச காலம் கழித்து அதே எண்ணை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வயதானவர்களின் தொடர்பு அறுந்துபோவதற்கு இது மிகச் சாதாரணமான ஒரு காரணம். ஆனால் எங்களுக்குத் தோன்றியதோ வேறு: "எண்ணையே மாத்திட்டான். நமக்குச் சொல்லவும் இல்லை." ஒருவர் தணிந்த குரலில், "ஆள் இருக்கானா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

தேடிப் போனது

2022 டிசம்பரில் எங்களுக்கு 50 ஆண்டு. எப்படியும் அழைக்க வேண்டும் என்று ஆகஸ்டில் ஆயர் ஈத்தாம் முகவரிக்குக் கடிதம் போட்டேன். சொல்லாமல் நேரில் போய்க் கதவைத் தட்டினால் அவர் சங்கடப்படலாம். கடிதம் என்றால் யோசிக்க நேரம் கிடைக்கும் என்பது என் கணக்கு. மூன்று வாரத்தில் கடிதம் திரும்பி வந்தது. உறையின்மேல் பேனாவால் "பிண்டா" என்று மலாயில் எழுதியிருந்தது. வீடு மாறிவிட்டார்.

நானும் இன்னொரு நண்பரும் ஒரு வகுப்புத் தோழியும் அந்த அடுக்குமாடிக்கே போனோம். எதிர் வீட்டுச் சீனப் பாட்டி, கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். போன வருஷமே மகன் வந்து அழைத்துப் போய்விட்டான், சாவி ஒன்று தன்னிடம் இருக்கிறது, மகன் எண்ணும் இருக்கிறது. அவரே அழைத்தும் கொடுத்தார்.

மகனுக்கு எங்களைத் தெரியும். "வாங்க அங்கிள், அப்பா வீட்லதான் இருக்காரு. ஆனா யார்கிட்டயும் பேசறதில்ல" என்றார்.

புக்கிட் மெர்தாஜாமில் கண்டது

வரவேற்பறையில் அவர் தொலைக்காட்சிக்கு மிக அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செய்தி ஓடிக்கொண்டிருந்தது, அவர் பார்த்தது கீழே ஓடும் எழுத்தை. எங்களைப் பார்த்ததும் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கோபத்தின் அடையாளம் எதுவும் இல்லை.

பேசத் தொடங்கினோம். முகக்கவசம் போட்டிருந்தோம். "உடம்பு எப்படி இருக்கு?" என்றேன். "சனிக்கிழமை வரைக்கும் இருப்பான்" என்றார். மகனைப் பற்றிக் கேட்டதாக நினைத்திருக்கிறார். நண்பர் குரலை உயர்த்தினார். அவர் முகம் சுளித்தது, பதில் இன்னும் விலகிப் போனது.

கூட வந்த தோழி சட்டென்று தன் முகக்கவசத்தைக் கழற்றினார். ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்து, சத்தம் போடாமல், நிதானமாகக் கேட்டார்: "சாப்பிட்டீங்களா?" அவர் உதடுகளையே பார்த்தபடி, "சாப்பிட்டேன்" என்றார். தோழி முப்பது வருஷத்துக்கு மேல் முதலாம் வகுப்பு எடுத்தவர். அவர் எப்போதும் பையில் வைத்திருக்கும் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுவது போலப் பெரிய எழுத்தில் எழுதினார்: "காது கேட்பது குறைந்துவிட்டதா?"

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"சத்தம் கேக்குது. என்ன பேசுறீங்கன்னுதான் புரியல. உயிர் கேக்குது, மெய் கேக்கல."

தீபாவளி அன்று நடந்ததையும் அவரே சொன்னார். "திதி" அவர் காதில் "இட்லி" என்று விழுந்திருக்கிறது. இரண்டிலும் இகரம்தான்; மெய் எழுத்துதான் வேறு. நாங்கள் சிரித்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. வாய்களைப் பார்த்திருக்கிறார். என்ன கேட்டார்கள் என்று பிறகு மகனிடம் விசாரித்து, அது திதி என்று தெரிந்ததும், இனி யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார். பணப் பேச்சு அவருக்கு நினைவிலேயே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாலம் ஏறும்வரை நாங்கள் மூவரும் பேசவில்லை. அப்புறம் தோழி சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லை, சொல்வதைக் கேட்கவில்லை என்றால், அடங்காத பிள்ளை என்று முடிவு கட்டுவதற்கு முன் காதைப் பார்க்க வேண்டும். இது எந்த ஆசிரியருக்கும் தெரியும். நாங்கள் எல்லோரும் அப்படிப் பிள்ளைகளைக் கண்டுபிடித்து முன் வரிசையில் உட்கார வைத்தவர்கள்தான். எங்களில் ஒருவன் திரும்பிப் பார்க்காதபோது மட்டும் கோபக்காரன் என்று முடிவு கட்டினோம்.

கோர்வையாகப் பார்த்தால்

வயதால் வரும் செவிக்குறைவு பெரும்பாலும் மேல்சுருதி ஒலிகளிலிருந்து தொடங்குகிறது. உயிரெழுத்துகள் கனமானவை, கீழ்ச்சுருதியில் இருப்பவை, கடைசிவரை கேட்கும். சகரம், தகரம், ஸகரம் போன்ற மெல்லிய ஒலிகள் முதலில் நழுவும். அதனால்தான் "சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை" என்பார்கள். கத்தினால் உயிர்தான் இன்னும் பெரிதாகும், மெய் தெளியாது. பழைய முறைத் தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள சுருதியைத்தான் கடத்தும். சகர, ஸகர ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. உதடும் தெரியாது.

இவருக்கு இது பத்து ஆண்டுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் திருப்பிச் சொன்னதால் வெளியே தெரியவில்லை. மனைவி போன பிறகு உதட்டைப் பார்த்துச் சமாளித்தார். ஆறு மாதத்தில் ஊரே முகக்கவசம் போட்டது. உதடும் போயிற்று. மிச்சம் இருந்தது கைப்பேசி, அதுதான் இருப்பதிலேயே கடினம். தேதிகளை நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு இது விளங்கியது.

இரண்டாவது முடிவுகள்

முதலாவது, நோய் என்ன என்று நாங்கள் சொல்லக் கூடாது. மகனிடம் மருத்துவரிடம் காட்டச் சொல்வது, அத்தோடு நிறுத்திக்கொள்வது. குறும்பி (காது அழுக்கு) அடைத்திருந்தாலும் காது மந்தமாகும், எடுத்தால் சரியாகும். ஆகவே முதலில் அதைப் பார்க்கட்டும் என்றோம்.

அவரைக் குழுவில் உடனே சேர்க்கவில்லை. அவருக்கு வேண்டியது எழுத்து. ஆகவே வாரம் ஒருவர் முறைவைத்து அவருக்குத் தனியாக எழுதுவது என்று ஏற்பாடு. கும்பிடும் பூவும் அனுப்புவது இதில் சேராது. பதில் எழுத ஏதாவது ஒரு கேள்வி இருக்க வேண்டும். இந்த நிபந்தனையைப் போட்டது தோழிதான், அதுதான் வேலை செய்தது. இலக்கணச் சந்தேகம் கேட்டு எழுதினால் அரைப் பக்கம் பதில் வந்தது.

டிசம்பர் விழாவை மண்டபத்தில் வைக்க இருந்தோம். இவருக்காக மாற்றி, பட்டர்வொர்த்தில் ஒரு தோழரின் வீட்டில் வைத்தோம். மண்டபத்தில் ஒலிபெருக்கி, விசிறி, தட்டுச் சத்தம் எல்லாம் சேர்ந்தால் அவருக்கு ஒரு சொல்லும் தேறாது. அவருக்காக என்றுதான் நினைத்தோம். வந்த 11 பேரில் இன்னும் மூன்று பேர், "இப்படி உட்கார்ந்தாத்தான் எனக்கும் கேக்குது" என்று மெதுவாகச் சொன்னார்கள்.

நடந்தது

குறும்பி எடுத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. செவித்திறன் பரிசோதனையில் இரண்டு காதும் குறைவு, வலது கொஞ்சம் தேவலை என்றார்கள். அவர் அரசாங்க ஓய்வூதியர். அரசு மருத்துவமனை மருத்துவரின் சான்றோடு ஓய்வூதியர்கள் காதுக் கருவிச் செலவுக்கு விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் கைக்காசைப் போட்டு வாங்குகிறவர்களும், விலைக்குப் பயந்து வாங்காமலே இருக்கிறவர்களும் எங்களிலேயே உண்டு. மகன் விண்ணப்பித்தார். 2023-இல் கருவி வந்தது.

வந்த இரண்டாம் வாரம் அது மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. செய்தித்தாளைப் பிரிக்கும் சத்தம் தகரக் கூரைமேல் மழை பெய்வது போல இருக்கிறதாம். தன் குரல் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருக்கிறதாம். இது எல்லோருக்கும் வருவது. பல வருஷம் ஒலி குறைந்து பழகிய மூளை மறுபடி பழக வாரக்கணக்கில் ஆகும். தோழி அவருக்கு ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார்: முதல் வாரம் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு, கூட்டத்துக்கு இப்போது வேண்டாம். கருவியை மறுபடி சரி பார்க்கவும் இரண்டு முறை போனார்கள். இப்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை போடுகிறார். பாடச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்கிறார். குரல் தன்னுடையது போல இல்லை என்கிறார். அதை நாங்கள் கேட்பதை விட்டுவிட்டோம்.

இந்த அனுபவத்தால் கிள்ளானில் இருக்கும் இன்னொருவரின் மௌனத்தையும் விசாரித்தோம். அவருக்கும் காதுதான் என்று நினைத்துப் போனோம். இல்லை. சொன்னதையே சொல்கிறார், என்னை 1972-இல் பார்த்த ஆளாக மட்டும் தெரிகிறது. மறதி நோய். மகள் மூலமாகத்தான் இப்போது அவரோடு தொடர்பு. ஜொகூரில் இருந்த ஒருவரிடம் போகவே முடியவில்லை. நோட்டில் வீட்டுத் தொலைபேசி எண் மட்டும் இருந்தது, இணைப்பு எப்போதோ போயிருந்தது. அவர் இறந்து ஐந்து மாதம் கழித்து உறவினர் ஒருவர் சொல்லித் தெரிந்தது.

எதை மாற்றுவேன்

கடிதத்துக்கு முன்பே, 2021 அக்டோபரில் போக்குவரத்துத் தடை எடுத்த அன்றே போயிருப்பேன். கோபமாக இருந்தால் திட்டியிருப்பான், அவ்வளவுதானே.

தீபாவளி அன்று சிரித்ததற்கு மறுநாள் ஒரு வரி எழுதியிருப்பேன். அவர் செய்த திருத்தங்களில் ஒன்று இந்த இடத்தில். "மன்னிப்பு" என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "என்ன கேட்டோம் என்று எழுதியிருந்தால் போதும்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

நீல நோட்டை மாற்றிவிட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அவரவர் எண்ணுக்குக் கீழே பிள்ளை ஒருவரின் எண், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் எண். அந்தச் சீனப் பாட்டி இல்லையென்றால் நாங்கள் எங்கே போயிருப்போம்? அதற்குக் கீழே "எப்படித் தொடர்புகொண்டால் வசதி" என்று ஒரு வரி. பொங்கல் வாரத்தில் எல்லா எண்ணையும் ஒரு முறை அழைத்துச் சரி பார்க்கிறோம். மூன்று மாதம் ஒருவரிடமிருந்து சொந்தமாக ஒரு சொல்லும் வரவில்லையென்றால், பக்கத்தில் இருக்கும் ஒருவர் நேரில் போக வேண்டும். காரணம் ஊகிக்கக் கூடாது, போய்ப் பார்க்க வேண்டும். இதுவரை இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறோம். ஒருவர் மகளோடு ஆஸ்திரேலியாவில் இருந்தார். இன்னொருவர் கைப்பேசியைத் தண்ணீரில் போட்டுவிட்டார்.

அவருடைய பக்கத்தில் எழுதியிருப்பது: "அழைக்காதே, எழுது. நேரில் என்றால் வலப்பக்கம் உட்கார், வெளிச்சம் உன் முகத்தில் விழட்டும், கத்தாதே."

சனிக்கிழமைக் கூட்டம் மறுபடி நடக்கிறது, கூட்டம் குறைந்த பத்தரை மணிக்கு, மூலை மேசையில். அவர் மகனைக் காரில் கொண்டுவந்து விடச் சொல்வதில்லை. பட்டர்வொர்த் வரை வந்து, 2023 ஆகஸ்டில் விட்ட புதிய பெர்ரியில் தனியாக ஏறி வருகிறார். நான் தீவுப் பக்கத்துப் படகுத்துறையில் நிற்பேன். பெர்ரி கரையை நெருங்கும்போது ஒரு செய்தி வரும், முற்றுப்புள்ளிகூடத் தவறாமல்: "வந்துவிட்டேன்."